அமெரிக்காவில் ப்ரீ-மெட்: அறிவியல் பாடங்களை எந்த செமஸ்டரில், எந்த வரிசையில் எடுப்பது?

ஊரில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, கவுன்சிலிங்கில் சீட் கிடைத்துவிட்டால் பதினெட்டு வயதில் எம்பிபிஎஸ் வகுப்பில் உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவில் முதலில் நான்கு வருட டிகிரி, அப்புறம் நான்கு வருட மெடிக்கல் ஸ்கூல், அதற்கும் அப்புறம் ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த முதல் நான்கு வருடத்தில் என்ன பாடத்தை எப்போது எடுப்பது என்று யாரும் கையில் அச்சடித்துக் கொடுப்பதில்லை என்பதுதான் பல வீடுகளில் தாமதமாகத் தெரிய வருகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் ப்ரீ-மெட் என்று தனி மேஜரே (முதன்மைப் பாடப் பிரிவே) கிடையாது. பிள்ளை எந்த மேஜர் எடுத்தாலும் சரி, மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் பாடங்களை அதற்கு நடுவே தானேதான் செருகிக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் பொதுவாக நடப்பது இது: கல்லூரியின் பாடப் பட்டியலான கேட்டலாக்கைத் திறந்து, "இந்த செமஸ்டரிலேயே பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கால்குலஸ் எல்லாவற்றையும் போடு, சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று ஆரம்பிப்பது. நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிர். அப்ளை செய்யும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். முதல் வருடத்தை வேண்டுமென்றே இலேசாக வையுங்கள்.

முதலில் தேதியைப் பிடியுங்கள்

எம்டி பட்டம் (அமெரிக்காவில் இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம். மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிக்கலாம். வகுப்பு தொடங்குவது அடுத்த வருடம் ஜூலை, ஆகஸ்டில். அதாவது விண்ணப்பத்துக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி.

உங்கள் மகள் 2026 ஆகஸ்டில் கல்லூரியில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2030 மேயில் பட்டம். இடைவெளி இல்லாமல் அதே ஆகஸ்டில் மெடிக்கல் ஸ்கூல் போக வேண்டுமானால் 2029 ஜூனில் அப்ளை செய்திருக்க வேண்டும். அப்போது அவள் முடித்திருப்பது மூன்று வருடம்தான். எம்கேட் என்ற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும், அந்தத் தேர்வுக்கு வேண்டிய பாடங்களும் முடிந்திருக்க வேண்டும். நான்கு வருடத் திட்டம் என்று நாம் நினைப்பது உண்மையில் மூன்று வருடத்துக்கும் குறைவு.

ஒரு வருடம் கேப் இயர் எடுத்தால் அப்ளை செய்வது 2030 ஜூன், சேர்வது 2031. நான்கு வருட மதிப்பெண்ணும் கணக்கில் வரும். கேப் இயர் என்றவுடன் "ஒரு வருடம் வீணா?" என்று முகம் சுருங்க வேண்டாம். இன்று அமெரிக்க மெடிக்கல் ஸ்கூலில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் டிகிரிக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் வேலையோ ஆராய்ச்சியோ செய்துவிட்டு வருபவர்கள்தான். ஊரில் நீட்டுக்கு இரண்டாம் முறை உட்கார்வதைப் போன்ற விஷயம் அல்ல இது.

கேட்கும் பாடங்கள்

பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படைப் பட்டியல் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் செல்லும்:

- பொது பயாலஜி, லேபுடன் இரண்டு செமஸ்டர்
- பொது கெமிஸ்ட்ரி, லேபுடன் இரண்டு செமஸ்டர்
- ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, லேபுடன் இரண்டு செமஸ்டர் (சில பள்ளிகள் ஒன்றுடன் நிறுத்திக்கொண்டு இரண்டாவதற்குப் பதில் பயோகெமிஸ்ட்ரியை ஏற்கும்)
- பிசிக்ஸ், லேபுடன் இரண்டு செமஸ்டர்
- பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர்
- கணக்கு: ஸ்டாடிஸ்டிக்ஸ் அல்லது கால்குலஸ், சில இடங்களில் இரண்டும்
- ஆங்கிலம் அல்லது எழுத்துப் பயிற்சி இரண்டு செமஸ்டர்
- சைக்காலஜி, சோஷியாலஜி: கட்டாயம் என்று கேட்பவர்கள் குறைவு, எம்கேட்டுக்கு வேண்டும்

குவார்ட்டர் முறையில் ஓடும் கல்லூரி என்றால் இரண்டு செமஸ்டருக்குப் பதில் மூன்று குவார்ட்டர் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1893-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஸ்கூல், டிகிரியோடு வந்தால்தான் சேர்ப்போம் என்றது. 1910-இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் வட அமெரிக்க மருத்துவப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் தெரியாதவனை மருத்துவம் படிக்க விடக்கூடாது என்று அடித்துச் சொன்னது. அந்த மூன்றும் அன்றிலிருந்து அசையவில்லை. சமீப காலத்தில் சில பள்ளிகள் பாடப் பெயர்களைச் சொல்லாமல் "இன்னின்ன திறன் வேண்டும்" என்று மட்டும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. அதைப் பார்த்து பட்டியலைச் சுருக்கிவிடாதீர்கள். பிள்ளை ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் அப்ளை செய்யப்போவதில்லை.

சரி, பள்ளிவாரியாகப் பார்ப்பது எங்கே? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், அதாவது ஏஏஎம்சி, நடத்தும் எம்சார் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு எம்டி பள்ளியும் என்ன கேட்கிறது என்று இருக்கிறது. முழுதும் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு. முதலில் உங்கள் மாநிலத்து அரசுப் பள்ளிகளைப் பாருங்கள், ஏனென்றால் சீட் கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நம் குடும்பங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டெக்சாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் கிடையாது, மீதி எல்லாம் டெக்சாஸ்வாசிகளுக்குத்தான். அங்கே விண்ணப்பமும் ஆம்காஸ் வழியாக அல்ல, டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற தனி அமைப்பு வழியாக. அங்குள்ள பல பள்ளிகளில் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டாயம். கால்குலஸ் எடுத்தாயிற்றே என்று அதை விட்டுவிட்டால் கடைசியில் ஓட வேண்டியிருக்கும்.

கெமிஸ்ட்ரிதான் முதுகெலும்பு

மேலே உள்ள பட்டியலில் பயாலஜியை முன்னே பின்னே நகர்த்தலாம், பிசிக்ஸை எந்த வருடத்திலும் வைக்கலாம். சைக்காலஜி, சோஷியாலஜி கிடைத்த இடத்தில் நுழையும். நகர்த்த முடியாதது கெமிஸ்ட்ரி மட்டும். பொது கெமிஸ்ட்ரி ஒன்று, இரண்டு. அது முடிந்தால்தான் ஆர்கானிக் ஒன்று, இரண்டு. அதன் பிறகுதான் பயோகெமிஸ்ட்ரி. மொத்தம் ஐந்து செமஸ்டர், ஒன்றன் பின் ஒன்றாக.

2029 ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். எம்கேட் 2029 வசந்த காலத்தில். அதற்கு முன் பயோகெமிஸ்ட்ரி, 2028 இலையுதிர் செமஸ்டரில். ஆர்கானிக் இரண்டு 2028 வசந்தத்தில், ஒன்று 2027 இலையுதிரில். பொது கெமிஸ்ட்ரி இரண்டு 2027 வசந்தத்தில். அப்படியானால் பொது கெமிஸ்ட்ரி ஒன்று? 2026 ஆகஸ்டில், கல்லூரிக்குள் நுழைந்த முதல் வாரத்தில். நடுவில் மூச்சுவிட ஒரு செமஸ்டர்கூட இல்லை.

கல்லூரி நுழைவுக்கு முன் நடக்கும் கணக்கு பிளேஸ்மென்ட் தேர்வில் மதிப்பெண் போதாமல் "முதலில் ப்ரீகால்குலஸ் எடு, கெமிஸ்ட்ரி பிறகு" என்று சொல்லிவிட்டால் இந்த வரிசை ஒரு செமஸ்டர் தள்ளும். ஒரு செமஸ்டர்தானே என்று நினைப்போம். பல சிறிய கல்லூரிகளில் ஆர்கானிக் ஒன்று இலையுதிரில் மட்டும்தான் நடக்கும். ஆக, ஒரு செமஸ்டர் தள்ளினால் ஒரு வருடமே தள்ளிவிடும். அதனால் சேரும் முன்பே கேட்டலாக்கில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஒவ்வொரு கோர்ஸும் எந்த செமஸ்டரில் நடக்கிறது, அதற்கு முன் என்ன முடித்திருக்க வேண்டும். பிளேஸ்மென்ட் தேர்வுக்கு ஜூன், ஜூலையிலேயே பிள்ளையை உட்கார்ந்து கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தேர்வு அது.

இன்னொன்று. பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று தடங்கள் இருக்கும். பெர்க்லியில் பயாலஜி பக்கம் போகிறவர்கள் கெமிஸ்ட்ரி 1ஏ, அதன் பிறகு ஆர்கானிக்குக்கு 3ஏ, 3பி, பிசிக்ஸுக்கு 8ஏ, 8பி என்று போவார்கள். கெமிஸ்ட்ரியையே மேஜராக எடுப்பவர்களுக்கு வேறு எண்கள், வேறு கடினம். யுசிஎல்ஏ-வில் உயிரியல் மாணவர்களுக்கு 14 என்ற எண்ணில் தனிக் கெமிஸ்ட்ரி வரிசையே உண்டு. கடினமான தடத்தை எடுத்தால் மெடிக்கல் ஸ்கூல் கூடுதலாக மெச்சிக்கொள்ளும் என்பது நம்மவர்கள் நடுவே உலவும் நம்பிக்கை. அதற்கென்று யாரும் கூடுதல் புள்ளி போடுவதில்லை. பிசிக்ஸிலும் அப்படித்தான். கால்குலஸ் இல்லாத, அல்ஜீப்ரா அடிப்படையிலான பிசிக்ஸே பெரும்பாலான பள்ளிகளுக்குப் போதும். மேஜர் வேறு விதமாகக் கேட்டால் ஒழிய அதையே எடுக்கலாம்.

இரண்டு திட்டங்கள்

நேராகப் போகிறவர்களுக்கான திட்டம் இப்படி இருக்கும். முதல் வருடம் பொது கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் சேர்த்து. இரண்டாம் வருடம் ஆர்கானிக்கும் பிசிக்ஸும் சேர்த்து. மூன்றாம் வருடம் இலையுதிரில் பயோகெமிஸ்ட்ரி, ஜெனெடிக்ஸ் அல்லது செல் பயாலஜி. வசந்தத்தில் பிசியாலஜி போன்ற ஒரே ஒரு அறிவியல் பாடம், மீதி இலேசான பாடங்கள், ஏப்ரல் அல்லது மே மாதத்தில் எம்கேட். முதல் நான்கு செமஸ்டரும் தலா இரண்டு லேப். சைக்காலஜி, சோஷியாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், ஆங்கிலம் எல்லாம் இவற்றுக்கு நடுவே.

கேப் இயர் திட்டம் கொஞ்சம் ஆறப்போட்டு நடக்கும். முதல் இலையுதிரில் பொது கெமிஸ்ட்ரி ஒன்றுதான் அறிவியல். கூடவே கால்குலஸ் அல்லது ஸ்டாடிஸ்டிக்ஸ், எழுத்துப் பயிற்சி, அறிமுக சைக்காலஜி: 13, 14 கிரெடிட் (பாடங்களின் சுமையை அளக்கும் அலகு). வசந்தத்தில் கெமிஸ்ட்ரி இரண்டோடு பயாலஜி ஒன்று. இரண்டாம் வருடம் ஆர்கானிக், கூடவே இலையுதிரில் பயாலஜி இரண்டு, வசந்தத்தில் ஜெனெடிக்ஸ். மூன்றாம் வருடம் பிசிக்ஸும் பயோகெமிஸ்ட்ரியும். அந்தக் கோடையில் எம்கேட்டுக்குப் படிப்பு, ஆகஸ்டிலோ நான்காம் வருடத் தொடக்கத்திலோ தேர்வு. அது சரிவராவிட்டால் ஜனவரி இருக்கிறது, மார்ச்சும் இருக்கிறது. நான்காம் வருடம் பிடித்த மேல்நிலைப் பாடங்கள்: இம்யூனாலஜி, நியூரோசயின்ஸ், மைக்ரோபயாலஜி.

இரண்டில் எது என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவதையே சொல்வேன். ஆனால் முதல் நாளே முடிவெடுக்க வேண்டியதில்லை. முதல் செமஸ்டர் முடிந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் கெமிஸ்ட்ரியில் என்ன கிரேடு என்று பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். ஏ வந்து, தூக்கமும் ஒழுங்காக இருந்தால் முதல் திட்டத்துக்குத் தாவலாம். விட்டுப்போன பயாலஜியைக் கோடையிலோ இரண்டாம் வருடத்திலோ சேர்த்துக்கொள்ளலாம்.

லேப் என்றால் ஒரு கிரெடிட், வேலை மூன்று கிரெடிட்

லேப் பல கல்லூரிகளில் தனி ஒரு கிரெடிட் கோர்ஸாக இருக்கும். ஒரு கிரெடிட்தானே என்று தட்டிவிட முடியாது. வாரம் ஒரு மதியம் மூன்று, நான்கு மணி நேரம் அறைக்குள் நிற்க வேண்டும். ஆர்கானிக் லேப் என்றால் போவதற்கு முன்பே நோட்டில் அட்டவணை எழுதியிருக்க வேண்டும். அன்று பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு வேதிப்பொருளின் மூலக்கூறு எடை, கொதிநிலை, என்ன ஆபத்து, எத்தனை கிராம் என்று. அது இல்லாமல் வாசலில் நின்றால் டிஏ (லேபை நடத்தும் உதவி ஆசிரியர்) உள்ளே விடாத லேப்கள் உண்டு. முடிந்து வந்ததும் ரிப்போர்ட். ஒரு செமஸ்டரில் இரண்டு லேப் தாங்கும். மூன்றை எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆர்கானிக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் பலர், அமெரிக்காவிலேயே வளர்ந்தவர்கள் உட்பட, படித்து நெட்டுருப்போட்டு நல்ல மார்க் வாங்கிப் பழகியவர்கள். பொது கெமிஸ்ட்ரியில் அது ஓரளவு செல்லும். ஆர்கானிக் முதல் தேர்வில் உடையும். கேள்வி "இந்த வினையின் பெயர் என்ன?" என்று வராது. இதுவரை பார்த்திராத ஒரு மூலக்கூறைப் போட்டு, எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று வளைந்த அம்புக்குறியால் வரைந்து காட்டு என்று வரும். வினை எஸ்என்1 வகையா எஸ்என்2 வகையா என்று தீர்மானிக்கக் கரைப்பானைப் பார்க்க வேண்டும், கார்பனைச் சுற்றி எவ்வளவு நெரிசல் என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரே வழி தினமும் வெள்ளைத்தாளில் பத்து வினைகளைக் கையால் வரைவது. தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் விழித்திருந்தால் நடக்காது. ஆர்கானிக் ஓடும் செமஸ்டரில் அட்டவணையில் தினமும் ஒரு மணி நேரம் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் மற்ற பாடங்களைப் போட வேண்டும்.

ஜிபிஏ கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்

முதல் வருடத்தை இலேசாக வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு. 2023-இல் எம்டி பள்ளிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ (4.0-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.77, எம்கேட் சராசரி 511.7. இது சராசரிதான், இதற்குக் கீழே இருப்பவர்களும் சேர்கிறார்கள். ஆனாலும் 3.7 என்பதை ஒரு குறியாக வைத்துக்கொள்வோம்.

முதல் வருடம் 30 கிரெடிட், ஜிபிஏ 3.0. மூன்றாம் வருட முடிவில், 90 கிரெடிட்டில், 3.7 வேண்டும். மீதி 60 கிரெடிட்டிலும் எவ்வளவு வாங்க வேண்டும்? 4.05. ஆம்காஸ் கணக்கில் ஏ பிளஸ் வாங்கினாலும் 4.0-க்கு மேல் தராது. அதாவது முடியவே முடியாது. அதே பிள்ளை நான்காம் வருடமும் முடித்து 120 கிரெடிட்டில் அப்ளை செய்தால் மீதி 90 கிரெடிட்டில் சுமார் 3.93 போதும். கடினம்தான், ஆனால் சாத்தியம். முதல் வருடம் 3.4 இருந்திருந்தால் மூன்று வருடத்திலேயே 3.85 சராசரியில் சரிக்கட்டியிருக்கலாம்.

ஆம்காஸ் இன்னொரு தனிக் கணக்கும் போடும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு இந்த நான்கை மட்டும் எடுத்து அறிவியல் ஜிபிஏ. எந்தத் துறை நடத்துகிறது என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன பாடம் என்பதுதான் முக்கியம். சைக்காலஜித் துறை நடத்தும் ஸ்டாடிஸ்டிக்ஸ் கணக்கில் சேரும். நியூரோசயின்ஸ் பயாலஜியில் சேரும். சைக்காலஜியும் சோஷியாலஜியும் சேராது. ஆகவே ஆங்கிலத்திலும் சமூகவியலிலும் ஏ வாங்கி மொத்த ஜிபிஏ-வைத் தூக்கிவிட்டாலும் அறிவியல் எண் தனியாக நின்று காட்டிக்கொடுக்கும்.

ஒரு பாடத்தை மறுபடி எடுத்தால்? கல்லூரி பழைய கிரேடை அழிக்கலாம், ஆம்காஸ் அழிக்காது. இரண்டையும் எண்ணும். டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆகோமாஸ் முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது, 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஏபி, டூயல் என்ரோல்மென்ட், கோடை வகுப்பு

ஹைஸ்கூலிலேயே நம் பிள்ளைகள் எட்டு, பத்து ஏபி (ஹைஸ்கூலில் எடுக்கும் கல்லூரித் தரத்துப் பாடங்கள்) முடித்து வருகிறார்கள். ஏபி பயாலஜி, கெமிஸ்ட்ரியில் 5 வாங்கினால் கல்லூரி அந்தப் பாடத்தைத் தள்ளுபடி செய்யும். மெடிக்கல் ஸ்கூல்கள் அதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சில ஏற்கும், சில ஏற்காது, சில அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுத்திருந்தால்தான் ஏற்கும். என் கருத்து: கால்குலஸ், ஆங்கிலம், சைக்காலஜி, வரலாறு போன்றவற்றின் ஏபி கிரெடிட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அட்டவணையில் இடம் கிடைக்கும். பயாலஜியில் பயன்படுத்தினால் அதற்குப் பதிலாக ஜெனெடிக்ஸ், செல் பயாலஜி என்று லேபுடன் இரண்டு மேல்நிலைப் பாடம் எடுங்கள். கெமிஸ்ட்ரியில் மட்டும் யோசியுங்கள். பதினெட்டு வயதில் வந்த முதல் செமஸ்டரிலேயே இரண்டாம் வருட மாணவர்களோடு ஆர்கானிக்கில் உட்கார வைப்பது பல பிள்ளைகளுக்கு ஒத்துவராது. எந்த ஏபி-யைப் பயன்படுத்தினாலும் பாடத்தின் பெயரும் கிரெடிட் எண்ணிக்கையும் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டூயல் என்ரோல்மென்ட் வேறு விஷயம். ஹைஸ்கூலில் படிக்கும்போதே பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கோர்ஸின் கிரேடு ஆம்காஸ் ஜிபிஏ-வில் சேரும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த கால்குலஸில் வாங்கிய சி, ஐந்து வருடம் கழித்து மெடிக்கல் ஸ்கூல் கமிட்டி முன் வந்து நிற்கும். பல பெற்றோருக்கு இது தெரியாது. படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும் அனுப்பியே ஆக வேண்டும், ஒன்றை மறைத்தால் பெரிய சிக்கல்.

கோடையில் பிசிக்ஸ் எடுப்பது நல்ல யோசனை. இரண்டு செமஸ்டர் ஆர்கானிக்கைப் பத்து வாரத்தில் அடைத்துத் தரும் கோடை வகுப்பு நல்ல யோசனை அல்ல. கம்யூனிட்டி காலேஜில் ஒன்றிரண்டு பாடம் எடுப்பதில் தவறில்லை. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, கடினமான அறிவியல் பாடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே முடித்தால் கேள்வி வரும்.

கிரேடு இல்லாமல் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் காட்டும் பாஸ்-ஃபெயில் முறையை இந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பாடத்துக்கும் எடுக்க வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளுக்கு எழுத்து கிரேடு வேண்டும். கோவிட் நேரத்தில் 2020-இல் விட்டுக்கொடுத்ததை வைத்து இன்று கணக்குப் போடக்கூடாது.

மேஜர்

நீண்ட விவாதம் தேவையில்லாத விஷயம். இங்கிலீஷ் மேஜரும் மியூசிக் மேஜரும்கூட மெடிக்கல் ஸ்கூலில் சேர்கிறார்கள். பயாலஜி மேஜர் என்றால் பாடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், அவ்வளவுதான் லாபம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மீது நம் வீடுகளில் ஒரு மோகம் இருக்கிறது, "டாக்டர் ஆகாவிட்டாலும் இன்ஜினியர்" என்று. அதில் கிரெடிட் எண்ணிக்கை அதிகம், அதில் வாங்கும் பி-க்கு இரக்கம் காட்டி யாரும் ஏ ஆக்குவதில்லை. பிள்ளைக்கு இன்ஜினியரிங் உண்மையாகவே பிடித்திருந்தால் மட்டும்.

எம்கேட்டும் பாடத்திட்டமும்

எம்கேட் நான்கு பகுதி. ஒவ்வொன்றும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528. தேர்வு நேரம் மட்டும் ஆறே கால் மணி, இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். கால்குலேட்டர் கிடையாது. ஜனவரியிலும், மார்ச் முதல் செப்டம்பர் வரையிலும் நடக்கும். மதிப்பெண் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்பதை ஏஏஎம்சி-யே வெளியிட்டிருக்கிறது. முதல் பகுதியில் பொது கெமிஸ்ட்ரி 30 சதவீதம், பயோகெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் தலா 25, ஆர்கானிக் 15, பயாலஜி 5. பயாலஜிப் பகுதியில் பயாலஜி 65, பயோகெமிஸ்ட்ரி 25, இரண்டு கெமிஸ்ட்ரியும் தலா 5. அத்தனை பயமுறுத்தும் ஆர்கானிக்குக்குத் தேர்வில் கிடைக்கும் இடம் இவ்வளவுதான். இரண்டு பகுதியிலும் கால்வாசியைப் பிடித்திருப்பது பயோகெமிஸ்ட்ரி. அதை முடிக்காமல் எம்கேட்டுக்கு உட்காரக் கூடாது. ஆர்கானிக் இரண்டு முடியாவிட்டால்கூடச் சமாளிக்கலாம்.

2015-இல் தேர்வு மாற்றப்பட்டபோதுதான் சைக்காலஜியும் சோஷியாலஜியும் தனிப் பகுதியாக வந்தன. அந்தப் பகுதியில் சைக்காலஜி 65, சோஷியாலஜி 30. தலா ஒரு அறிமுக கோர்ஸ் போதும். மீதமுள்ள பகுதியான, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிக்கும் கார்ஸில் அறிவியலே இல்லை. தத்துவம், கலை, சமூகம் பற்றிய கட்டுரைகளைக் கொடுத்து, எழுதியவர் என்ன வாதம் வைக்கிறார் என்று கேட்பார்கள். அறிவியல் பாடங்களை மட்டுமே அடுக்கி வளர்ந்த பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். செமஸ்டருக்கு ஒன்று என்று, நிறைய வாசிக்கவும் எழுதவும் வைக்கும் பாடம் இருந்தால் இதற்கு இரண்டு மாத கோச்சிங்கைவிட அது உதவும்.

பேராசிரியர்களைப் பார்த்து எடுங்கள்

பொதுவாக இரண்டு அறிவியல் பேராசிரியர்கள், ஒரு வேறு துறைப் பேராசிரியர் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கினாலும் பேராசிரியருக்கு முகம் தெரியாது. ஆகவே இரண்டாம், மூன்றாம் வருடத்தில் முப்பது பேருக்கு உள்ளான மேல்நிலை அறிவியல் வகுப்பு ஒன்றிரண்டை வேண்டுமென்றே அட்டவணையில் வையுங்கள். ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போகச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்பது பலவீனம் என்று நினைக்கும் பிள்ளைகள் நம் பக்கம் அதிகம்.

விசா

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வளர்ந்த பிள்ளை 21 வயதில் அந்த விசாவை இழக்கும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிப் படிக்கலாம், ஆனால் பெரும்பாலான அரசு மெடிக்கல் ஸ்கூல்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கும் தனியார் பள்ளிகள் குறைவு, மத்திய அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம் என்றால் முதல் வருடத்திலேயே எம்சாரில் வெளிநாட்டு மாணவர்களை ஏற்கும் பள்ளிகளைத் தனியாகப் பட்டியல் எடுத்து, அவை கேட்கும் பாடங்களை வைத்துத் திட்டம் போடுங்கள். ஹைஸ்கூலிலிருந்தே நேராகச் சேர்க்கும் எட்டு வருடத் திட்டங்களும் உண்டு, பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிஎல்எம்இ போல. அவற்றின் குடியுரிமை விதியையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

வழியில் சறுக்கினால்

செமஸ்டரின் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் கோர்ஸை விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் டபிள்யூ, அதாவது பாதியில் விலகியதற்கான குறி, விழும். ஒரு டபிள்யூ ஒன்றும் செய்யாது. சி மைனஸைவிட அது எவ்வளவோ மேல். விடுவதற்கான கடைசித் தேதியைச் சேர்ந்த அன்றே ஃபோன் காலண்டரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் மிட்டெர்ம் மதிப்பெண் வருவதற்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் பெரும்பாலும் சில நாட்கள்தான் இருக்கும்.

கட்டாயப் பாடத்தில் சி-க்குக் கீழே போனால் மறுபடி எடுத்தே ஆக வேண்டும், பெரும்பாலான பள்ளிகளுக்குக் குறைந்தது சி வேண்டும். பி மைனஸையோ சி பிளஸ்ஸையோ மறுபடி எடுப்பது நேர விரயம். பழையது அழியப்போவதில்லை. அந்த நேரத்தில் அதற்கு மேலான பாடத்தில் ஏ வாங்குவது நல்லது. ஆர்கானிக்கில் பி மைனஸ் வாங்கியவள் பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கினால் கமிட்டிக்குச் செய்தி புரியும். இரண்டு வருடம் மொத்தமாகவே சரிந்துவிட்டது என்றால் டிகிரியை நிதானமாக முடித்து, போஸ்ட்-பேக் எனப்படும் டிகிரிக்குப் பிந்தைய அறிவியல் பாடங்களில் ஓரிரு வருடம் நல்ல கிரேடு காட்டிவிட்டு, எம்டி-யோடு டிஓ பள்ளிகளுக்கும் சேர்த்து அப்ளை செய்யலாம். அமெரிக்காவில் டிஓ-வும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்தான், எம்டி-யோடு ஒரே ரெசிடென்சிக்குத்தான் போட்டியிடுவார்.